பளபளப்பானது

மூன்றாவது சென்சாரும் மாட்டியாயிற்று.
சாவியைத் திருப்பினால் இருமுகிறது,
பற்றமாட்டேன் என்கிறது வோல்வோ.

தார்மோ எதுவும் கேட்கவில்லை.
பனிவண்டிக்குக் கீழே கிடந்த
துருப்பிடித்த ஃப்ளைவீலை
காலால் என் பக்கம் நகர்த்தினான்.

விளிம்பு நெடுக ஓட்டைகள்.
நான் பூட்டியதில் ஒன்றுகூட இல்லை.
இரண்டும் சுவரோரம் சாய்ந்திருந்த அன்று
சுத்தமாக இருந்ததை எடுத்தேன்,
அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு எதுவுமில்லாத இடத்தில்
பாவம், சென்சார்
என்ன சொல்லும்?

கெமியில் இன்று மைனஸ் இருபத்தொன்று.
கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.
அதே போல்ட்டுகள்.
இனி எவனாலும் கழற்ற முடியாது என்று
போன சனிக்கிழமை
நானே மெச்சிக்கொண்டவை.

ஜாக்கை உருட்டி வந்தவன்
"முதலில் காப்பி, ஹில்க்கா" என்றான்.

கோட்டுப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
இரண்டு பில் அகப்பட்டது.