அரை சதவீதம்

மன்னை எக்ஸ்பிரஸ் விடியும்போது இறக்கிவிட்டது.
ஐப்பசித் தூறல்.
கைப்பையின் உள்ளறையில் ரப்பர் போட்டுக் கட்டிய
என் பழைய விசிட்டிங் கார்டுகள், ஏழு கம்பெனி.

முதலில் பேஜர் விற்றேன்.
‘உலகமே கூப்பிடுதூரம்’ என்று நான் எழுதிய வரி
அண்ணா சாலையில் ஆறு மாதம் நின்றது.
பிறகு அதே பலகையில் செல்போன் ஏறியது,
நானும் ஏறினேன்.
மோடம், பில்லிங் மென்பொருள்,
சிங்கப்பூரில் எவருக்கும் புரியாத ஒரு சர்வர்,
பெங்களூரில் மேகத்தை மாத வாடகைக்கு.
ஒன்றை இன்னொன்று விழுங்கும்போதெல்லாம்
புது அட்டை அடித்தார்கள்.
சுகிர்தா என்ற பெயரின் அச்சுப்பிழை மட்டும்
கம்பெனி மாறியும் மாறவில்லை.

இப்போது ஆலோசகர்.
அதாவது, வேலை போனதற்கு
நல்லதாய் ஒரு பெயர் வைக்கத் தெரிந்தவள்.

உரக்கடை மாடியில் அலுவலகம்.
யூரியா வாடையும் கூடவே படி ஏறியது.
ஷம்சுநிஷா, கூத்தாநல்லூர்;
துபாயில் பதினோரு வருடம் கணக்கு எழுதியவர்.
ஞானதுரை சர்க்யூட் ஆள், பேசுவதில்லை.
மேஜையில் சோப்புப்பெட்டி அளவில் அவர்கள் கருவி:
ஒரு பிடி நெல் போட்டால் ஈரம் சொல்லும்.
பதினேழுக்குள் என்றால் கொள்முதல் நிலையம் எடுக்கும்,
தாண்டினால் டிராக்டர் திரும்பும்.

மேஜை ஆடியது.
“ஆடினா நம்பரும் ஆடும்,” என்றார் ஞானதுரை.
பேஜர் கம்பெனி அட்டையை நாலாய் மடித்துக்
காலுக்கடியில் செருகினேன்.
துணை மேலாளர், தென்மண்டலம்:
இருபத்தேழு வருடத்தில் அந்தப் பதவி
முதன்முறையாக எதையோ தாங்கியது.

ஒரே சாக்கு, மூன்று பிடி.
பதினாறு புள்ளி எட்டு. பதினேழு புள்ளி மூன்று. பதினேழு.
ஸ்லைடில் ‘நூறு சதவீதத் துல்லியம்’.
என் கைக்குப் பழகிய வரிதான்.
இதைவிடப் பெரிய பொய்யை
இதைவிட அழகாய் எழுதியிருக்கிறேன்.
“எடுத்துடுங்க,” என்றேன்.
“எடுத்துட்டு?”
“அரை சதவீதம் முன்னப்பின்ன இருக்கும்னு போடுங்க.”
ஷம்சுநிஷா சிரித்தார்: “அப்புறம் எவன் வாங்குவான்?”

எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்பதற்கு
மணிக்கு இவ்வளவு என்று
எந்த ஆலோசகரும் பில் போட்டதில்லை.

மதியம்வரை விநியோகம். நாற்பது ஸ்லைடு.
டீலர், துணை டீலர், லாஸ்ட் மைல்.
“கடைமடையச் சொல்றீங்களா?”
அதைத்தான், இத்தனை வருடமும்.
“அங்கெல்லாம் போயாச்சே. முப்பத்திரண்டு பெட்டி வெளிய இருக்கு.”

அவர் அண்ணன் ஷாமியானா கடை வைத்திருக்கிறார்.
நெல் காயவைக்கத் தார்ப்பாய் எடுக்க வருகிறவர் கையில்
பெட்டியையும் கொடுத்தனுப்புகிறார், நாளைக்கு அறுபது ரூபாய்.
பந்தல் நாற்காலிகள் அடுக்கிக் கிடக்க
தார்ப்பாயும் பெட்டியும் ஊர் ஊராய்ப் போய்வருகின்றன.
வாடகை நோட்டில் இதற்கென்று பத்தி கிடையாது;
‘கரண்டி 1’ என்றுதான் எழுதியிருக்கிறது.

குறித்துக்கொண்டேன்.
எழுதும்போதே இதற்கொரு ஆங்கிலப் பெயர் தேடியது புத்தி.
அடக்கினேன்.
அடுத்த ஊரில் வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஒப்பந்தம். பணமில்லை,
கம்பெனியில் எனக்கு அரை சதவீதம்.
கையெழுத்துப் பாதியில் கோட்டூரிலிருந்து போன்:
பெட்டி பதினேழு என்றது,
நிலையத்து மெஷின் பதினேழரை என்கிறது,
பின்னால் எட்டு வண்டி, மேலே மேகம்,
யார் சொல்வது சரி?

ஞானதுரை போனை என் பக்கம் தள்ளினார்.
அவருக்குப் பேச வராது, எனக்கு வரும்,
அதற்குத்தானே பங்கு.

வணக்கம் என்றேன். பெயர் சொன்னேன்.
எந்தக் கம்பெனி என்ற இடத்தில்
ஒரு நொடி ஏழும் வரிசையாய் நாக்குக்கு வந்து
ஒதுங்கி வழிவிட்டன.
எட்டாவதைச் சொன்னேன்.
எங்க பெட்டியில் அரை சதவீதம் முன்னப்பின்ன வரும், ஐயா.
மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, எந்த ஸ்லைடிலும் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
தார்ப்பாய் கைல இருக்கா?