வியாழக்கிழமைத் தலைப்பு

வியாழன்தோறும்
மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒரு சொல் ஒட்டியிருக்கும்,
மாத்திரை அட்டையின் பின்புறத்தில்
நாயிர் டொகுசுமியின் சாய்ந்த கையெழுத்து.
போன வாரம் 'ஏணி'.
அதற்கு முந்தைய வாரம் 'உப்பு'.
ஒருமுறை 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதப்போய்
இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

எழுதியதை இருமல் மிட்டாய் டப்பாவில் போட வேண்டும்.
புதன் மாலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அவள் வாசிப்பாள்.
பெயர் சொல்லமாட்டாள்.
சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வாழைத்தார் எடைபோடுவது என் வேலை.
முள் நின்ற இடத்தைச் சொல்வேன்,
கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.
ஆனால் ஒரு காலை நேரத்தைப்
பதினேழு அசைக்குள் அடக்க எனக்கு வரவில்லை.
ஐந்து விரல், ஏழு விரல், மறுபடி ஐந்து.
"கடன் கணக்கா, கவிதையா?"
லாரி நிறுத்திவிட்டுக் கேட்பார் ஒடாயிர்.
ஸ்டியரிங்கில் தட்டித் தட்டி அவர் எண்ணுவதை
நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

ஜூலையில் வந்தது 'வெண்பனி'.
ரிபெய்ரா ஆற்றங்கரையில்
அதை யார் கண்டது?
கப்பலேறி வந்தவர்கள்
மூட்டையில் கட்ட முடியாமல் விட்டுவந்தது அது ஒன்றுதான்.
அந்த வாரம்தான் டப்பாவின் மூடி எழும்பி நின்றது.
இருபத்துமூன்று சீட்டுகள்!
பள்ளிச் சமையல்காரி ஜெர்சினா
மாவுச் சல்லடையை எழுதியிருந்தாள்.
முடிதிருத்தும் ஜுராந்திர்
தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டு
துணியை உதறியதை.
அப்புறம் ஒன்று:

        நிலையம் கிடைக்காத டிவி
        இரவெல்லாம் என் வீட்டில் மட்டும்
        பொழிகிறது

ஒடாயிரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அவர் மனைவி குரிச்சிபாவுக்குப் போனது மே மாதம்.

என்னுடையது ஐஸ்பெட்டியைச் சுரண்டியது பற்றி,
இருபது அசை.
"மாத்திரை அதிகம்" என்றாள் நாயிர்.
மருந்துக்காரி வேறெப்படிச் சொல்வாள்?

ஜனவரியில் ஆறு ஊருக்குள் வந்தது.
கதவைத் தட்டவில்லை.
மூன்று நாள் தங்கியது.
எடைமேடை முழுகியது; முள் எங்கே நின்றிருக்கும் என்று
மொட்டைமாடியில் உட்கார்ந்து யோசித்தேன்,
வேறு யோசிக்கப் பயமாக இருந்ததால்.
வாழைத்தோப்பின் மேல் ஒரு நாற்காலி
யாரையோ தேடிக்கொண்டு மிதந்துபோனது.

வடிந்தபின் வந்த வியாழனில்
தலைப்பு இருக்காது என்றுதான் நினைத்தேன்.
சேறு வழித்த கண்ணாடியில், ஈர அட்டையில்
இருந்தது: 'ஆறு'.

எல்லோர் வீட்டுக்கும் அது வந்துபோயிருந்தது.
எல்லோரிடமும் சொல்ல இருந்தது.
புதன் மாலை டப்பாவைத் திறந்தாள்.
கவிழ்த்துத் தட்டினாள்.
கொஞ்சம் வண்டல்.

கண்டிராத பனிக்கு இருபத்துமூன்று.
கழுத்தளவு நின்றதற்கு ஒன்றுகூட இல்லை.
இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது எவருக்கும்.

ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.
ஜெர்சினா கொண்டுவந்த காபிக்கு
மூன்று கோப்பைகள்தான் மிஞ்சியிருந்தன; கைமாறிக் குடித்தோம்.
ஜுராந்திர் ஆடும் பெஞ்சின் காலுக்கு
அட்டை மடித்து வைத்துக்கொண்டே இருந்தார்.
பிறகு ஒடாயிர் எழுந்தார்.
சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல்
விரலை வைத்து நடந்தார்,
அலமாரி, காலண்டர், கதவு நிலை,
கோடு தெருவுக்கு வெளியேறும் வரை.
"ஒரே வரி" என்றார்.

"அசை எண்ணினாயா?" என்றாள் நாயிர்.
யாரோ சிரித்துவிட்டார்கள். நான்தானோ என்னவோ.

இந்த வாரம் 'துடைப்பம்'.
டப்பாவில் ஒன்பது விழுந்திருப்பதாகக் கேள்வி.
என்னுடையதில் பதினெட்டு.
ஒன்று கூடுதல்தான், தெரியும்.
முள்ளை அப்படியே விட்டுவிட்டேன்.