ஒற்றைக் காது

எனக்கும் ஆர்விட் ஹெக்ஸ்டாடுக்கும் ஆகாது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இரங்கல் குறிப்பு எழுத என்னை விட்டால்
லுண்ட்பியில் ஆளில்லை என்றார்கள்,
நகரமன்றக் குறிப்பேட்டைப் பத்தொன்பது வருடம்
நிரப்பிய கை இது என்பதால்.

குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது.
எண்பத்தேழு மார்ச்: புதிய பம்பு கேட்டார். நான் எதிர்த்தேன்.
எண்பத்தெட்டு மார்ச்: அதே பம்பு. அதே நான்.
அடுத்த வருடம் மேயர் தேர்தலில்
பதினோரு வாக்கில் என்னைத் தோற்கடித்தார்.
மறுநாள் காலை ஏழு மணிக்கு
என் வீட்டுச் சுவரோரம் குனிந்து
தண்ணீர் மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.
மேயருக்கு இங்கே மாதம் எழுபது டாலர்.
மீட்டரை வேறு யார் பார்ப்பது?

எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்,
பேசிக்கொள்ளாத இரண்டு லூத்தரன் தேவாலயங்கள்,
ஒரு தானியக் கிடங்கு,
மண்ணுக்கடியில் ஒன்பது மைல் இரும்புக் குழாய்.
மேலே இருந்தது எங்களுக்குத் தெரியும்.
கீழே இருந்தது அவருக்கு.

ஐந்தடிக் கம்பி ஒன்று வைத்திருந்தார்.
வட டகோட்டாவின் ஜனவரி இரவுகளில்
ஒரு நுனியை வால்வில் ஊன்றி
மறுநுனியின் மரக்குமிழில் இடது காதை வைப்பார்,
எங்கே கசிகிறதென்று கேட்க.
வலது காதைக் கொரியாவில் விட்டுவந்திருந்தார்,
எண்ணே பெயராயிருந்த ஒரு குன்றில்,
பத்தொன்பது வயதில்,
மூன்று கால்விரல்களோடு.

வருடா வருடம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து
அந்தக் குன்றைப் பற்றிக் கேட்பார்கள்.
"குளிராக இருந்தது" என்பார்.
பிள்ளைகள் காத்திருப்பார்கள்.
"மிகவும் குளிராக இருந்தது."
உட்கார்ந்துவிடுவார்.

ஒரே ஒருமுறை, பம்பு அறையில்,
கணக்குச் சீட்டோடு நான் சண்டைக்குப் போனபோது
தானாகவே சொன்னார்:
தண்ணீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிப் படுப்போம்,
விடிந்ததும் ஒரு மிடறாவது இளகியிருக்குமென்று.
பக்கத்தில் கிடந்தவனின் குடுவை
விடிந்தும் இளகவில்லை.
பிறகு அதே மூச்சில்,
"நாற்பத்தோராயிரம் டாலர், அம்மணி. கூட்டிப் பாருங்கள்."

கூட்டிப் பார்த்தேன்.
அந்த வருடமும் எதிர்த்தேன்.

பிப்ரவரியில் இறந்தார்.
எங்கள் மண் பிப்ரவரியில் யாரையும் ஏற்காது;
ஏப்ரல் வரை கல்லறைக் கொட்டகையில் காத்திருக்க வேண்டும்.
தேவாலய வாசலில் ஏழு கிழவர்கள் வேட்டு முழக்கினார்கள்.
மூன்றாம் சுற்றில் வெர்லினின் துப்பாக்கி வெடிக்கவில்லை.
மடித்த கொடியை மகள் ஜோலீன் வாங்கிக்கொண்டாள்.
விருந்து மேசையில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

சாப்பாடு பாதியில் இருக்கையில்
சமையலறையிலிருந்து யாரோ கத்தினார்கள்:
குழாயில் தண்ணீர் வரவில்லை.

மூன்றாம் தெரு. எங்கேயோ உடைப்பு.
கழுத்துப்பட்டியோடு ஆண்கள் ஓடினார்கள்.
கருவி வெளியூரிலிருந்து வர நான்கு மணி நேரம்.
கம்பி அவர் டிரக்கின் பின்னால் கிடந்தது,
"கழிக்கப்பட வேண்டியவை" பட்டியலில்
நான் ஒருமுறை சேர்த்த கம்பி.

வெர்லின் காதில் வைத்தான். காற்று, என்றான்.
என்னிடம் நீட்டினார்கள், ஏனென்று தெரியாது.
நல்ல காலணியோடு பனியில் மண்டியிட்டேன்.
முதலில் என் ரத்தம் கேட்டது.
பிறகு, வெகு கீழே,
உலை கொதிக்கும் முன் எழும் அந்த இரைச்சல்.

"இங்கே" என்றேன்.
தவறு. பதினான்கடி தள்ளி இருந்தது.
இரண்டு குழி தோண்டினார்கள்.

இப்போது இரவு. குறிப்பு முடியப்போகிறது.
பதவிகள், வருடங்கள், பதக்கம் ஒன்று.
அவருக்கு முன் காலமானோர்:
பெற்றோர், மனைவி ஆர்டெல், தம்பி லாய்ட்,
அதற்குப் பின் ஒரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.
அன்றைக்கே கேட்டிருக்கலாம்.
கணக்குச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.