ஏ.சி. பைப்

ஏ.சி. என்றால் குளிர்பெட்டி என்றுதான்
நினைத்தேன் வேலைக்குச் சேர்ந்த புதிதில்.
கல்நார் சிமெண்ட் என்றார் ஸ்டோர் கீப்பர்.
கல்லில் எப்படி நார் என்று கேட்கவில்லை.
தினக்கூலி அப்போது,
கேள்விகளை நிரந்தரமான பிறகு கேட்கலாம் என்று
எடுத்து வைத்திருந்தேன்.

கேப்பர் மலையிலிருந்து இறங்கி
ஊரெல்லாம் மண்ணுக்கடியில் நடந்து
என் மேஜைக்கு வரும்போது தண்ணீர் அரை லிட்டர்.
கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு,
ஃபுளோரைடு, கோலிஃபார்ம்.
ஐந்து கட்டம் நிரப்பிக் கீழே முத்திரை:
குடிக்க உகந்தது.
ரப்பரில் 'உ' தேய்ந்துவிட்டது,
சில நாள் 'குடிக்க கந்தது' என்று விழும்.
யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

அமலோற்பவம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
முதுநகரிலிருந்து டவுன் பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த
நன்னாரி சர்பத் பாட்டில், அதில் குழாய்த் தண்ணீர்.
கணவனுக்கு வயிற்றில் புற்று.
ஜிப்மரில் ஏழாவது ஊசி.
"எங்க தெருவுல பூரா அந்த வெள்ளக் கொழாதானாமே சார்,
இதுல அது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அதைப் பார்க்கும் கண் என் கருவிகளுக்கு இல்லை.
அதற்கான நுண்ணோக்கி,
இந்தக் கட்டடத்தை விற்றாலும்
மூடியைத்தான் வாங்க முடியும்.
குடித்தால் வரும் என்று
உறுதியாகச் சொன்னவர் இல்லை.
வராது என்று சொன்னவரும் இல்லை.
மூச்சில் போனால்தான் சந்தேகமில்லாதது.
இதையெல்லாம் ஒரு சர்பத் பாட்டிலிடம்
எந்த வரிசையில் சொல்வது?

"காய்ச்சிக் குடிங்க" என்றேன்.
காய்ச்சினால் நார் சாகாது என்று
தெரிந்த வாயால்.
அவர் நன்றி வேறு சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து
அந்தத் தெருவில் குழாய் மாற்றினார்கள்.
என்னால் அல்ல, கசிவு.
தனவேல் பள்ளத்துக்குள் நின்று
ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான்,
சொட்டுத் தண்ணீர் விடாமல், காய்ந்த குழாயை.
இமையில் வெள்ளை, மீசையில் வெள்ளை.
துண்டு தலையில் இருந்தது, வெயிலுக்கு.
"மூக்குல கட்டுப்பா" என்றேன்.
"இதோ முடிஞ்சிருச்சு சார்"
சிரித்தான், பல்லிலும் வெள்ளை.

நாற்பது வருஷம் ஈரத்தில்
வாய் மூடிக் கிடந்தது
ஒரே மத்தியானத்தில் காற்றுக்கு வந்துவிட்டது.

உடைந்ததைத் தெரு பங்கிட்டுக்கொண்டது.
கற்றாழைக்குத் தொட்டி,
கோழி முட்டையிட ஒரு அரைவட்டம்,
வாசலில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குச் சரிவு.
சில்லுகள் பிள்ளைகளுக்கு.
நன்றாக எழுதும் அது.
சாக்பீஸ் தோற்றுப்போகும்.

அமலோற்பவத்தின் மகள்
பாண்டி ஆடக் கோடு கிழித்திருந்தாள்.
எட்டுக் கட்டம்.
என் படிவத்தைவிட மூன்று கூட.
குனிந்து, தரையோடு முகம் வைத்து,
கோட்டின் மேலிருந்த தூளை
ஊதினாள்.

பையில் அன்றைய மாதிரி இருந்தது,
சீட்டு ஒட்டி, தேதி போட்டு.
திறந்து எட்டுக் கட்டத்திலும் ஊற்றினேன்.
"ஏன் அங்கிள் அழிச்சீங்க?"
காய்ச்சிக் குடிங்க என்பதைத் தவிர
எனக்கு வேறு வாக்கியம் பழகியிருக்கவில்லை.
கையை நீட்டினேன், சில்லைக் கொடுத்தாள்.
கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்,
அழைத்து வர யாரையோ.

மாதிரியை அதே தெருவில் மறுபடி பிடித்தேன்.
உகந்தது.

சில்லைக் குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை.
வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது.
ஈரத் துணியில் சுற்றி
அலுவலக மேஜையின் கீழ் அறையில் வைத்திருக்கிறேன்,
எடுத்து வைத்த கேள்விகளோடு.
துணி காயும்போதெல்லாம் நனைக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் சிரமம்.