சான்றாவணம் ஐந்து

ஒரே கை ஓட்டிய வண்டி என்றார் இன்பநாதன்.
யாரோ ஒரு டாக்டராம்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பாராம்.
பைபாஸ் ரோட்டில் அவர் கொட்டகை வாசலில்
நசுங்கிய எலுமிச்சைகளுக்கு நடுவே நின்றது ஆம்னி,
விளக்கி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி.
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
சீட்டு எடுத்தது எழுபது,
வளையல் அடகு நாற்பது.
எழுதிக் கொடுங்கள் என்றேன்.
காலண்டர் தாளைக் கிழித்துப் பின்புறம் எழுதினார்:
'வண்டி நல்ல கண்டிசன்.'
சிரித்துக்கொண்டே சொன்னார்:
"நம்பிக்கைதானக்கா யாவாரம்."

வில்லாபுரத்திலிருந்து கப்பலூர் கம்பெனிகளுக்கு
தினம் நாற்பத்திரண்டு சாப்பாடு.
பதினோராம் நாள்
திருப்பரங்குன்றம் பாலத்தின் மேல்
புகையில்லாமல் சத்தமில்லாமல்
அப்படியே உட்கார்ந்துவிட்டது.
ரசம் தளும்பி என் மடியில்.
பின்னால் நின்ற பஸ் டிரைவர் சொன்னதை
மனுவில் நான் சேர்க்கவில்லை.

மொக்கராசு பின்சீட்டைக் கழற்றி
ரப்பர் விரிப்பை உரித்தான்.
காய்ந்த சேறு, அடை அடையாக.
ஓர் அடையில் நத்தை ஓடு.
"அக்கா, இது முங்குன வண்டி.
எங்கிட்டோ கடலோர ஊர்ல
கழுத்தளவு தண்ணியில ரெண்டு நாள் கெடந்திருக்கு."

வைகைக்குள் மாடு மேயும் ஊரில்
வட்டிக்குப் பணம் வாங்கி
ஒரு வெள்ளத்தை வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறேன்.

வக்கீல் வைக்கக் காசில்லை.
தட்டச்சுக் கடைக்காரர் கேட்டுக் கேட்டு அடித்தார்.
ஏமாத்திட்டான் என்றேன்:
'முறையற்ற வணிக நடவடிக்கை.'
போன் பண்ணினா எடுக்கமாட்டேங்கிறான்:
'சேவைக் குறைபாடு.'
ராத்திரி தூக்கமில்லை, கைக்கு வந்த கரண்டியை
சுவரில் எறிந்தேன்:
'மன உளைச்சல்.'
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

காலண்டர் தாள் சான்றாவணம் ஒன்று.
அப்புறம் அடகு ரசீது, போட்டோக்கள்,
மொக்கராசு கைப்பட எழுதியது, ஓரத்தில் அவன் கிரீஸ் விரல்.
ஐந்தாவது
ஊறுகாய் பாட்டிலில் அடைத்த சேறு,
நத்தையோடு.

ஏழு வாய்தா.
எதிர்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்.
தலைவர் விடுப்பு.
ஒரு தடவை எங்களுக்கு முன்னால்
ஒரு வாஷிங் மெஷினும் ஒரு கல்யாண மண்டபமும்
மணிக்கணக்காக வழக்காடின.
ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு மணிக்கே எழுந்து
உலை வைத்தேன். நாற்பத்திரண்டும்
மச்சினன் பைக்கில் போனது, பாதி சிந்தி.

ஐந்தாம் வாய்தாவில் வேப்பமரத்தடிக்கு வந்தார் இன்பநாதன்.
சட்டைக் காலர் நைந்திருந்தது.
"நானும் ஏமாந்தவன்தானக்கா.
சென்னை புரோக்கர் தள்ளிவிட்டுட்டான்.
சேறு கெடந்தது சத்தியமாத் தெரியாது."
பார்த்தால் பொய் மாதிரி இல்லை.
பையில் ஒரு பொட்டலம் புளிச்சோறு மிச்சம் இருந்தது.
கொடுத்தேன்.
தட்டச்சுக் கடை நம்பரையும் கொடுத்தேன்:
"நீங்களும் ஒரு கேசு போடுங்க தம்பி."
சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு ஆறு பக்கம்.
நாற்பத்தைந்து நாளுக்குள்
பணம் முழுதும், ஒன்பது சதவீத வட்டியோடு.
மன உளைச்சலுக்கு ஐயாயிரம்.
எந்த ராத்திரிக்கு எவ்வளவு என்று
எங்கும் பிரித்து எழுதவில்லை.
புகார்தாரர் வாகனத்தை
ஒப்படைக்க வேண்டியது.
கட்டி இழுத்துப் போக
ஆயிரத்து எண்ணூறு கேட்டான் கிரேன்காரன்.
அது தீர்ப்பில் இல்லை.

கிளார்க் மேசைக்கடியிலிருந்து பாட்டிலை எடுத்தார்.
"இதைக் கொண்டு போயிருங்கம்மா,
எறும்பு வருது."
என்ன கழுவினாலும் போகுமா ஊறுகாய் வாசம்.

இன்று நாற்பத்தாறாம் நாள்.
பணம் வரவில்லை.
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது பாட்டில்.
மூடி கழன்று ஒரு நாள் சாம்பாரில் விழும் என்கிறான் மச்சினன்.
கொட்டமாட்டேன்.
நிறைவேற்று மனுவுக்கு
பக்கத்துக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டதாம்.
நாளைக்கும் இரண்டு மணிக்கு எழ வேண்டும்.