இரண்டு கண்

கோப்பின் பெயர் ‘தூதுவர்’.
சங்கத்துக் கணினியில் பதினொரு வருசமாய்க் கிடக்கிறது.
ஆள் மாறினால் முதல் வரியை மட்டும் மாற்றுவேன்:
மேன்மைதங்கிய, பிறகொரு நீளப் பெயர்,
எழுத்துச் சரியோ என்று கொழும்புக்கு ஒரு கோல்.
மற்றதெல்லாம் அப்படியே.
நாலாம் பந்தியில் அறுந்த வலைகளின் தொகை மட்டும்
பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரம் போல
ஏறிக்கொண்டே வந்தது.

பெரிய நாடு.
சுவரில் தொங்கும் உலகப் படத்தில்
அதன் பெயரை அதன் மண்ணிலேயே
இடம் விட்டு இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள்.
எங்கள் பெயருக்கு மண் போதவில்லை,
கடலில் எழுதியிருக்கிறது.

ஒருவர் வணக்கம் பழகி வந்தார்.
வந்ததும் சொன்னார்,
தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்,
கார்க் கதவு சாத்துமுன்னும் அதையே சொன்னார்.
இன்னொருவர் நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டு
கோதை எங்கே போடுவதென்று தெரியாமல்
லேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
அவரை எனக்குப் பிடிக்கும்.
ஆறு மாதத்தில் மாற்றிவிட்டார்கள்.

இந்த முறை ஒரு பெண்.
குருநகர் இறங்குதுறையில் காலையிலிருந்து பொலிஸ்.
அவர்களின் நாய் மீன்பெட்டிகளை மணந்து
வந்த வேலையை மறந்து நின்றது.
சிவப்புக் கம்பளம் கலியாண மண்டபத்து இரவல்,
உதற உதற மஞ்சள் அரிசி கொட்டியது.

நீக்கிலாப்பிள்ளை எழும்பிச் சொன்னார்:
“இராவோடு இராவா வந்து
அறுத்துக்கொண்டு போட்டாங்கள் அம்மா.
மோளின்ரை தோட்டை அடைவு வைச்சு வாங்கின வலை.”
மொழிபெயர்க்கிற பொடியன் அதை
ஐந்தே சொல்லில் சொல்லி முடித்தான்.
எனக்குத் தெரிந்த இங்கிலிசில்
அது ‘சில கரிசனைகள்’.
அந்த அம்மா தலையசைத்துச் சொன்னது
திரும்பி வருகையில்
‘கவனத்தில் எடுக்கப்படும்’ ஆயிற்று.
கவனம் என்பது இங்கே
கிணற்றடிக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்கிற சொல்.

வள்ளங்களைப் பார்க்க வேண்டுமென்று
கம்பளத்தை விட்டு இறங்கினார்.
பொத்துவதற்கு விரித்திருந்த வலையில்
சப்பாத்துக் குதி மாட்டிக்கொண்டது.
இழுத்தார். இறுகியது.
உதவிக்கு ஓடிய அதிகாரியும் இழுத்தார்,
இன்னும் இறுகியது.
நீக்கிலாப்பிள்ளை இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.
மெய்க்காவலனின் கையும் இடுப்புக்குப் போயிற்று.

ஐஸ் அரைக்கிற மெசின் மட்டும் கேட்டது.

அந்த அம்மா காவலனைப் பார்த்து
உள்ளங்கையை உயர்த்தினார்.
மனிசன் குந்தியிருந்து,
அவருடைய தோல் பட்டியில் கத்தி படாமல்,
நைலோன் நூலை இரண்டு இடத்தில் வெட்டினார்.
கால் வந்தது.

“எவ்வளவு தர வேண்டும்?” என்று கேட்டாராம்.
“கணக்கில்லை” என்றார் இவர்.
பொடியன் முதல் தடவையாகத் திக்கினான்.
பெரிதாய் எடுக்க வேண்டாம் என்கிறாரா,
எண்ணி முடியாது என்கிறாரா?
நீக்கிலாப்பிள்ளை கத்தியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தார்,
உதவவில்லை.
பொடியன் ஏதோ ஒன்றைத் தெரிந்தெடுத்தான்.
அந்த அம்மா சிரித்ததால்
எதையென்று எங்களுக்கு விளங்கியது.

பின்னேரம் இழப்புப் பதிவேட்டைத் திறந்தேன்.
இடம்: இறங்குதுறை.
சேதம்: இரண்டு கண்.
அறுத்தவர் என்ற நிரலில்
மேலிருந்து கீழே ஒரே கையெழுத்து, என்னுடையது:
வெளிநாட்டு இழுவைப்படகு, இலக்கம் தெரியாது,
வெளிநாட்டு இழுவைப்படகு, இலக்கம் தெரியாது.
அதன் கீழே ‘உரிமையாளர்’ என்று எழுதினேன்.
நாலாம் பந்தித் தொகையில் இதைச் சேர்ப்பதா என்று
தலைவர் றெஜினோல்ட்டைக் கேட்டால்
“உமக்கு வேறை வேலை இல்லையோ பிள்ளை” என்கிறார்.

கணினியை அணைக்க முன்
கோப்பை ஒருக்கால் திறந்து பார்த்தேன்.
மேன்மைதங்கிய என்பதற்குப் பக்கத்தில்
இன்னும் அந்த நண்டுக்கோது மனிசனின் பெயர்.
அதைத்தான் அச்சடித்து,
சங்க முத்திரை குத்தி,
உறையிலிட்டு, இரண்டு கையாலும்
அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.