ஒண்டுக்கு ஒண்டு

ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணி.
கம்பிப் பதம் பாக்கத் தேவையில்லை,
கரைஞ்சால் காணும்.
இதிலை பிழைக்க என்ன இருக்கெண்டு
கேத்திலோடை கவிட்டு ஊத்தினன்.

பவுசர் தண்ணி முடிஞ்சதைப்
பியற்றிஸ் சொல்லேல்லை.
குருநகர்க் கிணறு
சீனிக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு
வீட்டுக்குள்ளை வந்திட்டுது.

மேலை மெல்லிசாய் ஒரு வெள்ளைப் படை.
துணியிலை வடிச்சு, ஆறவிட்டு,
நெல்லிரசப் போத்தலிலை அடைச்சன்.

இரவு ஒன்பது மணி.
சாராயம், தேசிக்காய்ப் புளி, சோடா,
இரண்டு கரண்டி பாகு.
ஐஸ் மட்டும் ஜெறோம் கொண்டுவந்தது.

முதல் மிடறு.
ஒருத்தரும் கதைக்கேல்லை.

"உப்புப் போட்டனியோ?"
"இல்லை."
"பொய் சொல்லாதை. உதே அளவிலை இன்னொண்டு கல."

குசினிக்குள்ளை
பியற்றிஸ் சிரிக்கிற சத்தம்.
நாளைக்கும் பவுசர் வராதாம்.